ஒத்திப் பத்திரம்: நல்ல மாதிரி யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். மதுரை கே.கே. நகர் பக்கம் ஒரு மாடி போர்ஷன் 5 லட்சத்துக்கு மூன்று வருட ஒத்திக்குப் போகிறது (மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருந்து, கெடு முடிந்ததும் பணத்தைத் திரும்ப வாங்கும் முறை). வீட்டு ஓனருக்காகக் கேட்கிறேன். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதினால் போதும் என்கிறார் தரகர். போதாது. வட்டிக்குப் பதில் வீட்டை அனுபவிப்பது என்று எழுதினாலே அது அடமானம். அடமானத் தொகை 100 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் இரண்டு சாட்சிகளோடு சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். மாத வாடகை, அட்வான்ஸ் என்று எழுதினால் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் வரும்: எழுத்து ஒப்பந்தம், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு. இரண்டையும் கலந்து எழுதுவதில்தான் வழக்கு முளைக்கிறது.

பெரிய சிக்கல் கெடு முடியும்போது. "அடுத்த ஆள் வந்ததும் பணம்" என்று ஒரு வரி இருக்கும். ஆள் வராது, இருப்பவர் காலி செய்ய மாட்டார். ஓனர் கை நேரே மோட்டார் சுவிட்சுக்குப் போகும்! வாடகைதாரருக்குத் தண்ணீர், கரண்டை நிறுத்துவது அந்த 2017 சட்டத்தின் 20ஆம் பிரிவில் தடை.

மதுரையில் முறையாகப் பதிந்த ஒத்திப் பத்திரம் வைத்திருப்பவர்கள், பெயர், சர்வே எண்ணை மறைத்து நகல் அனுப்புங்கள். பணம் திருப்பும் தேதி, வீட்டு வரி, மோட்டார் காயில் செலவு யாருக்கு என்ற வரிகள்தான் முக்கியமாக வேண்டும். பத்திர எழுத்தருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.