காரைக்காலில் ஒயின் ஆலை எங்கே இருக்கிறது?

நாகூரான்:
காரைக்காலுக்கு வரும் பயணிகளுக்காக நேற்று ஒருவர் எழுதிய குறிப்பில், மாலைப்பொழுதைக் கழிக்க "ஊரெங்கும் ஒயின் ஆலைகள்" உண்டு என்று கண்டேன். பலகையில் "ஒயின்ஸ்" என்றிருப்பதைப் படித்துவிட்டு ஆலை என்று நினைத்துவிட்டார் போலும். வாஞ்சூர் எல்லையைத் தாண்டியதும் தென்படும் அக்கடைகளில், கம்பி வலைக்குப் பின்னால் அடுக்கியிருப்பவை பெரும்பாலும் பிராந்தியும் பீரும்தான். நெல் விளையும் இந்த வண்டல் மண்ணில் ஒரே ஒரு திராட்சைக் கொடியைக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

காரைக்காலான்:
எழுதியவன் நான்தான். 1739இல் வந்து 1954இல் வெளியேறிய பிரெஞ்சுக்காரர்களோடு பழகிய ஊருக்கு, நாகூர்க்காரர் ஒயினைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்! சனிக்கிழமை மாலை வாஞ்சூரில் நிற்கும் வண்டிகள் எந்த ஊருடையவை என்பதையும் அவரே சொல்லலாமே.

நாகூரான்:
வண்டியைப் பற்றி யார் கேட்டார்கள்? கொடி எங்கே? திராட்சைக்குக் கம்பம் பள்ளத்தாக்கு, ஒயின் ஆலைக்கு நாசிக் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். உங்கள் ஊரில் பயணிக்குப் பரிந்துரைக்கத் தக்கது இறால் வாடா ஒன்றுதான். அதுவும் எங்கள் ஊர்ப் பண்டம்.

காரைக்காலான்:
வாடாவுக்குமா பட்டா வாங்கி வைத்திருக்கிறீர்கள்? அரிசி மாவைத் தட்டி, வெங்காயத்தை உள்ளே வைத்து, மேலே இறாலைப் பதித்து எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பொரித்தெடுத்ததை நீங்கள் வந்தா சொல்லிக்கொடுத்தீர்கள்?

குடந்தை வாசகர்:
வடிப்பது ஆலை, விற்பது கடை. இதைப் பிரித்துக்கொண்டால் இந்த வழக்கே இல்லை. பயணிகள் திரும்பும் வழியில் எங்கள் ஊரில் டிகிரி காப்பி குடித்துவிட்டுப் போகட்டும்.

காரைக்காலான்:
கடலே இல்லாத ஊர்க்காரர் கடற்கரை நகரத்துக்குத் தீர்ப்பு வழங்க வேண்டாம். அரசலாறு உங்கள் ஊரைக் கடந்துதான் எங்களிடம் வருகிறது. அதில் நீங்கள் கலந்தனுப்பும் சாக்கடையைப் பற்றி முதலில் பேசுங்கள்.

நாகூரான்:
ஆற்றை விடுங்கள், காப்பியையும் விடுங்கள். மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்: கொடி எங்கே?

காரைக்காலான்:
ஆனிப் பௌர்ணமியில் வாருங்கள். காரைக்கால் அம்மையார் திருவிழாவில் மாடிகளிலிருந்து மாங்கனிகளை இறைப்பார்கள். ஒன்றைப் பிடித்துத் தின்றால் வாய் அடங்கும்.

நாகூரான்:
மாங்கனி இருக்கட்டும். திராட்சையைக் காட்டுங்கள்.