புதுப்பிப்பு: மூளை முடக்குவாதம், நிலை மாறாவிட்டால் சிகிச்சைப் பலனை எப்படி அளப்பது?

பத்து வயது மகள், வாக்கர் பிடித்து நடப்பாள், இவ்வளவு பிசியோவுக்குப் பிறகும் அறிக்கையில் அதே ஜி.எம்.எஃப்.சி.எஸ் (பிள்ளை எப்படி நடமாடுகிறது என்பதை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறை) மூன்றாம் நிலை, பலன் இருக்கிறதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

அந்த ஐந்து நிலைகள் வகைப்படுத்த மட்டும்தான், பெரும்பாலும் மாறாது, சி.ஓ.பி.எம் (அன்றாட வாழ்க்கையில் பிள்ளைக்கு முக்கியமான இலக்கை எவ்வளவு நன்றாகச் செய்ய முடிகிறது என்று மதிப்பெண் போடும் முறை) கேளுங்கள் என்று ஒரு அக்கா எழுதியதுதான் கைகொடுத்தது. உட்காருவது, நிற்பது, நடப்பது போன்ற இயக்கத் திறனுக்கு மதிப்பெண் போடும் ஜி.எம்.எஃப்.எம்-66 சோதனையும் எடுத்தோம். மதிப்பெண் ஏறவில்லை, ஆனால் மூன்றாம் நிலைப் பிள்ளைகளுக்கு ஏழெட்டு வயதுக்குப் பிறகு அது இறங்கவும் செய்யும் என்பதால் அப்படியே நிற்பதே நல்லது என்றார் தெரபிஸ்ட். சி.ஓ.பி.எம்-இல் இலக்கை அவளே சொன்னாள்: பள்ளிக் கழிப்பறைக்குத் துணையில்லாமல் போய்வர வேண்டும். ஒன்று முதல் பத்து வரையான அளவில் 3-இல் இருந்தது இப்போது 6, இரண்டு புள்ளி கூடினாலே கணக்கில் எடுக்கத்தக்க மாற்றமாம்.

எதிர்பாராதது வாழ்க்கைத் தரக் கேள்வித்தாள். சி.பி கியூ.ஓ.எல் என்ற, மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கான அந்தக் கேள்வித்தாளில் பெற்றோருக்கு ஒரு படிவம், 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குத் தனிப் படிவம். நட்பு, மகிழ்ச்சி எல்லாவற்றிலும் நான் போட்டதைவிட அவள் அதிகமாகவே போட்டிருந்தாள், வலியில் மட்டும் தலைகீழ், நான் நினைத்ததைவிட அவளுக்கு வலி அதிகம். மாலையில் இடுப்பு வலிக்கிறது என்று எங்களிடம் சொன்னதே இல்லை! அப்புறம் இடுப்பு எக்ஸ்ரே எடுத்தோம், எலும்பு மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை பதில் சொல்லும் நிலையில் இருந்தால் அந்தப் படிவத்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.