மாட்டெலும்பு என்று நினைத்த பண்ணை

நான்: எல்லோரும் படத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் நடுவில், வில்ஷயர் சாலை ஓரம் இருக்கும் லா பிரியா தார்க்குழிகள். குளத்தில் நிற்பது மாமத் என்ற அழிந்துபோன பழங்கால யானையின் சிலை.

சித்தப்பா: தண்ணீர் ஏன்மா இவ்வளவு கருப்பு?

நான்: அடியில், நிலத்திலிருந்து தானாக ஊறும் தார் சித்தப்பா. தார் தோண்டி எடுத்த பள்ளத்தில் தண்ணீர் நிரம்பிக் குளமாகிவிட்டது. மீத்தேன் வாயு குமிழ் விட்டுக்கொண்டே இருக்கிறது. இந்த வட்டாரமே முன்பு ஒரு மாட்டுப் பண்ணை! பெயர் ராஞ்சோ லா பிரியா.

பெரியம்மா: யாருடைய பண்ணை?

நான்: மெக்சிகோ ஆட்சியில், 1828இல், அன்டோனியோ ஹோசே ரோச்சா என்பவருக்கு அரசு கொடுத்த நிலமானியமாகக் கிடைத்தது பெரியம்மா. சுமார் 4,400 ஏக்கர். ஊர்க்காரர்கள் கூரைக்குப் பூசத் தார் எடுக்க வந்தால் தடுக்கக் கூடாது என்று மானியத்திலேயே நிபந்தனை. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே டோங்வா பழங்குடி மக்கள் மரப்படகின் இடுக்குகளை இதே தாரால்தான் அடைத்தார்கள்.

அண்ணன்: அப்புறம் எப்படிக் கைமாறியது?

நான்: 1848இல் கலிபோர்னியா அமெரிக்காவிடம் போனது. 1851இல் வந்த சட்டப்படி, பழைய மானியக்காரர்கள் தங்கள் நிலம்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. வருஷக்கணக்கில் வழக்கு. ரோச்சா குடும்பத்துக்கு உதவிய வழக்கறிஞர் ஹென்றி ஹான்காக். நில அளவையாளரும் அவரே. 1860இல் நிலத்தை அவரே வாங்கிக்கொண்டார்.

சித்தப்பா: வழக்குக்கு உதவியவரிடமே போய்விட்டதா? மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நான்: எனக்கும்தான். அந்தக் காலத்தில் நிறையக் குடும்பங்கள் வழக்குச் செலவிலேயே நிலத்தை இழந்தன. ஹான்காக் தாரைத் தோண்டி விற்றார். தோண்டும்போதெல்லாம் எலும்பு வந்தது. பண்ணை மாடு ஏதோ சிக்கிச் செத்திருக்கும் என்றே நினைத்தார்கள். 1875இல் வில்லியம் டென்டன் என்ற நிலவியலாளருக்கு ஹான்காக் ஒரு பல்லைக் கொடுத்தார். பார்த்தால், அழிந்துபோன பெரிய வேட்டை மிருகமான வாள்பல் பூனையின் கோரைப்பல்! அதன்பிறகும் 20 வருஷத்துக்கு மேல் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அண்ணி: அவ்வளவு பெரிய மிருகம் தாரில் எப்படி மாட்டும்?

நான்: சில அங்குல ஆழமே போதும் அண்ணி. மேலே இலையும் தூசியும் படிந்து தரை மாதிரியே தெரியும். பைசன் என்ற காட்டெருமை ஒன்று கால் சிக்கித் தவித்தால், அதைத் தின்ன ஓநாய்கள் கூட்டமாக வரும். அவையும் ஒட்டிக்கொள்ளும். கிடைத்த பாலூட்டிகளில் பத்தில் ஒன்பது பங்கு ஊனுண்ணிகளாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

அண்ணன்: இப்போது முழுவதும் பூங்காவா?

நான்: இல்லை அண்ணா. கச்சா எண்ணெய்க் கிணறுகள் வந்தன, அப்புறம் மனை போட்டு விற்றார்கள். எலும்புகள் இருந்த 23 ஏக்கரை ஹென்றியின் மகன் ஜார்ஜ் ஆலன் ஹான்காக் 1924இல் கவுண்டிக்கு, அதாவது மாவட்ட நிர்வாகத்துக்குக் கொடுத்தார். அதுதான் இன்றைய பூங்கா. அந்த 23 ஏக்கரும் மனையாகியிருந்தால் எல்லாம் கட்டடத்துக்கு அடியில் போயிருக்கும். இன்னொரு பக்கம் கில்மோர் குடும்பத்தின் பால்பண்ணை. தண்ணீருக்குத் துளை போட்டால் அங்கே எண்ணெய் வந்தது! 1934இல் அந்த இடத்தில் விவசாயிகள் லாரியை நிறுத்திக் காய்கறி விற்க ஆரம்பித்தார்கள். அந்தச் சந்தை இன்றும் நடக்கிறது.

பெரியம்மா: சந்தைப் படம் இருந்தால் போடு.

நான்: நாளைக்கு அங்கேதான் போகிறேன் பெரியம்மா. எடுத்து அனுப்புகிறேன்.