காஸ்டிக் சோடாவில் கறுத்துப்போன அலுமினிய கேம் கவர்: மீட்க முடியுமா?

கேட்டவர்: ஆறுசிலிண்டர்

1962ஆம் ஆண்டு ஜாகுவார் மார்க் 2 ஒன்றை ஒன்றரை ஆண்டாகப் புதுப்பித்து வருகிறேன். 3.4 லிட்டர் எஞ்சின். இறக்கிப் பிரித்துவிட்டேன், இப்போது பாகங்களைச் சுத்தம் செய்யும் கட்டம். நேற்று மாலை ஒரு தவறு செய்துவிட்டேன், இரவு முழுக்கத் தூக்கம் இல்லை.

இரும்பு பிராக்கெட்டுகளில் பல ஆண்டு எண்ணெய்க் கசடு தார் போல இறுகிக் கிடந்தது. சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறப்போட்டேன், அருமையாகக் கழன்று வந்தது. அந்த உற்சாகத்தில் கேம் கவர் (எஞ்சினின் தலையில் கேம் ஷாஃப்டை மூடும் அலுமினிய மூடி) ஒன்றையும் அதே தொட்டியில் இறக்கிவிட்டேன். அடுப்பில் பால் பொங்குவதுபோல் நுரை எழும்பியது. இடுக்கியைத் தேடி எடுத்து அதை வெளியே தூக்க நான்கைந்து நிமிடம் ஆகியிருக்கும். வந்தது பளபளக்கும் கவர் அல்ல, கரி பிடித்த சட்டியின் அடிப்பாகம். தண்ணீரில் கழுவியும் விரலால் தொட்டால் கறுப்பு ஒட்டிக்கொள்கிறது. ஓரிரு இடங்களில் பரப்பு சொரசொரப்பாகவும் இருக்கிறது.

இதை மீட்க முடியுமா? இரண்டாவது கவரையும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்களையும் இனி எப்படிச் சுத்தம் செய்வது? எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளின் கறுப்பு எனாமலும் செதில் செதிலாக உதிர்ந்திருக்கிறது. அதற்கு என்ன பூச்சு நிற்கும்?

பதில்: பழைய அரம்

முதலில் நிம்மதியாக இருங்கள். நான்கைந்து நிமிடத்தில் போனது மேல்தோல்தான், கவர் பிழைத்துக்கொள்ளும்.

நடந்தது இதுதான். காஸ்டிக் சோடா இரும்பை ஒன்றும் செய்யாது. அலுமினியத்தையோ கரைத்துத் தின்னும். நீங்கள் பார்த்த நுரை ஹைட்ரஜன் வாயு. பக்கத்தில் தீப்பொறி இல்லாமல் போனது நல்லகாலம். வார்ப்பு அலுமினியம் தனி அலுமினியம் அல்ல, அதில் சிலிக்கனும் செம்பும் இரும்பும் கலந்திருக்கும். அலுமினியம் கரைந்துபோக, கரையாத அந்தக் கலப்புப் பொருள்கள் கறுப்புப் பொடியாக மேலே தங்கிவிட்டன. ஆகவே அது எரிந்த கறை அல்ல, துடைத்தெடுக்கக்கூடிய படிவு.

இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கவரை ஓடும் தண்ணீரில், போதும் என்று தோன்றிய பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் கழுவுங்கள். நட்டு உட்காரும் துளைகள், உட்புற மூலைகள், வார்ப்பில் இருக்கும் நுண்ணிய குழிகள் எல்லாவற்றிலும் காஸ்டிக் ஒளிந்திருக்கும். அப்படியே பாலிஷ் போட்டால் பிறகு அந்த இடங்களில் வெள்ளைப் பொடி பூத்து வரும். கடைசியாக வெந்நீர் ஊற்றி அலசி, வெயிலில் காய வையுங்கள்.

அதன்பின் பாஸ்பாரிக் அமிலம் கலந்த அலுமினியச் சுத்திகரிப்பான் போதும். டப்பாவில் சொன்ன அளவுக்கு நீர்த்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, காய விடாமல் கழுவிவிடுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்தவை வேகமாக வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது தோலைத் தாண்டி எலும்புவரை போகிற விஷம். வீட்டுப் பட்டறையில் அதற்கு இடமே இல்லை.

எஃகுக் கம்பி பிரஷ்ஷையும் அலுமினியத்தின் பக்கம் கொண்டுவர வேண்டாம். இரும்புத் துணுக்குகள் பரப்பில் பதிந்து, பின்னால் பழுப்புப் புள்ளிகளாகத் துருப்பிடிக்கும்.

பதில்: பட்டறைவாசி

இவ்வளவு சிரமம் எதற்கு? கண்ணாடி மணி பிளாஸ்டிங் (நுண்ணிய கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிச் சுத்தம் செய்வது) செய்யும் இடத்தில் கொடுத்தால் அரை மணி நேரத்தில் கவர், கார்புரேட்டர், சிலிண்டர் ஹெட் எல்லாம் ஒரே சீராகச் சாம்பல் வெள்ளையில் வந்துவிடும்.

பதில்: தாங்கி

இந்த யோசனையை மட்டும் ஏற்காதீர்கள், குறிப்பாக ஹெட்டுக்கு. சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் எஞ்சினின் ஹெட்டையும் டைமிங் கவரையும் மணி பிளாஸ்டிங் செய்து வாங்கினேன். பார்க்கக் கோயில் வெள்ளிக் கவசம் போல இருந்தது. காற்றடித்தேன், கழுவினேன், பூட்டினேன். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆயில் பிரஷர் இறங்கத் தொடங்கியது. அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்பைக் கழற்றி, கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். சாம்பல் நிறமான அந்த மெத்தென்ற பரப்பில், ஊசிமுனை அளவில், கண்ணாடி மணிகள் பதிந்து மின்னின. பேரிங்கில் சுழலும் கிராங்க் ஜர்னலில் நகம் சிக்கும் ஆழத்துக்குக் கோடுகள். ஹெட்டின் ஆயில் வழி ஒன்றின் முனையில் இருந்த அடைப்பானை நான் கழற்றவே இல்லை. மணிகள் அங்கேதான் ஒளிந்திருந்தன.

மணிகள் கசடோடு சேர்ந்தால் பசை போல ஒட்டிக்கொள்ளும், காற்றுக்கு அசையாது. எண்ணெய் பாயும் எந்தப் பாகத்தையும் உலர்ந்த மணலுக்கோ மணிக்கோ கொடுக்காதீர்கள். பிளாஸ்டிங் செய்தே ஆக வேண்டுமானால் சோடா பிளாஸ்டிங் இருக்கிறது. அந்தத் தூள் தண்ணீரில் கரைந்துவிடும். அப்போதும் அடைப்பான்கள் அனைத்தையும் கழற்றி, நீண்ட பிரஷ்ஷை ஒவ்வொரு வழியிலும் விட்டு எடுக்க வேண்டும்.

இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டின் பழைய மிச்சத்தைச் சுரண்டச் சுழலும் நார் டிஸ்க்கைப் பயன்படுத்துவதும் இதே ஆபத்துதான். அது உதிர்க்கும் அலுமினியம் ஆக்சைடுத் தூள் பேரிங்கைத் தின்னும். பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும்.

பதில்: பட்டறைவாசி

ஆயில் வழிகளை நான் யோசிக்கவில்லை. நீங்கள் சொல்வது சரி. வெளிப்புற பிராக்கெட்டுகளுக்கு மட்டும் என்று என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன்.

பதில்: இரட்டைக்குழல்

எஸ்.யு. கார்புரேட்டர் பற்றி ஒரு வார்த்தை. மேலே குவிந்த டேஷ்பாட்டும் உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்த ஜோடி. இரண்டு கார்புரேட்டரையும் ஒன்றாகப் பிரித்து ஒரே தட்டில் போட்டுவிடாதீர்கள். கழற்றும்போதே ஒன்று, இரண்டு என்று சீட்டு ஒட்டித் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள்.

டேஷ்பாட்டின் வெளிப்புறத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பாலிஷ் செய்யலாம். உட்புறத்தில் உப்புத்தாளோ பாலிஷோ படவே கூடாது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளிதான் அதன் உயிர். நூல் உதிராத துணியைப் பெட்ரோலில் நனைத்துத் துடைத்தால் போதும். சுவரில் எண்ணெய் தடவ வேண்டாம், நடுத்தண்டுக்கு மட்டும் ஒரு சொட்டு. பூட்டியபின் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். தடையின்றி விழுந்து கீழே ‘டக்’கென்று தட்ட வேண்டும்.

பதில்: பழைய அரம்

கவரின் பாலிஷ் பற்றி விட்டதைச் சொல்கிறேன். சொரசொரப்பு எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்து 240 உப்புத்தாளில் தொடங்கி 400, 600, 1000 என்று ஏறுங்கள் (எண் கூடக் கூடத் தாள் நயமாகும்). தாளை மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டால் அலுமினியத் துகள் அடைத்துக்கொள்ளாது. ஒரு தாளில் நீளவாக்கில் தேய்த்தால் அடுத்த தாளில் குறுக்குவாக்கில் தேயுங்கள். முந்தைய கோடுகள் முழுக்க மறைந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால், கடைசியில் பாலிஷ் போடும் பஃபிங் சக்கரம் அந்தக் கோடுகளைப் பளபளப்பாக்கிக் காட்டுமே தவிர அழிக்காது.

சக்கரத்தில் பிடிக்கும்போது விளிம்பு சக்கரத்துக்கு எதிராக இருக்கக் கூடாது. பிடித்திழுத்துத் தரையில் அறைந்துவிடும். முகக்கவசமும் கண்ணாடியும் அவசியம். கேஸ்கெட் உட்காரும் முகத்தைச் சக்கரத்தில் காட்டவே வேண்டாம், விளிம்பு உருண்டுபோய் எண்ணெய் கசியும். தடித்த கண்ணாடித் தட்டில் உப்புத்தாளை ஒட்டி, கவரை அதன்மேல் மெதுவாக எட்டுப் போடுங்கள். அது போதும்.

பதில்: கருஞ்சூளை

மேனிஃபோல்டுக்கு வருகிறேன். தொழிற்சாலையிலிருந்து வந்தது பெயின்ட் அல்ல, சூளையில் உருக்கிப் பிடித்த கண்ணாடி எனாமல். அசல் தோற்றம் வேண்டுமென்றால் பழையதை பிளாஸ்டிங்கில் நீக்கி, எனாமல் சூளை வைத்திருப்பவரிடம் மீண்டும் கொடுப்பது ஒன்றே வழி. வெடிப்பு இருந்தால் அதற்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும்.

அதற்கு வசதி இல்லையென்றால் 650 டிகிரி செல்சியஸ் தாங்கும் வெப்ப பெயின்ட். அதில் பலர் சறுக்கும் இடம் இரண்டு. சாதாரண பிரைமர் அடித்து அதன்மேல் பூசுவார்கள். அது கருகி மொத்தமாக உரியும். வெற்று இரும்பின்மேல் மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். அடுத்து, காய்ந்துவிட்டது என்று நம்பி ஒரேயடியாக ஓட்டுவார்கள். அந்த பெயின்ட் சூட்டில்தான் முழுமையாக இறுகும். டப்பாவில் சொன்ன படிகளில் சூடாக்கி, ஒவ்வொரு படிக்கும் பிறகு முழுக்க ஆறவிட வேண்டும்.

பிராக்கெட்டுகளில் துரு மிச்சம் இருந்தால் சலவைச் சோடாக் கரைசலில் 12 வோல்ட் மின்பகுப்பு நன்றாக வேலை செய்யும். பாகத்துக்கு எதிர்முனை, பலிகொடுக்கும் சாதாரண இரும்புத் தகட்டுக்கு நேர்முனை. தகடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கவே கூடாது, புற்றுநோய் தரும் குரோமியம் கரைசலில் இறங்கும். இதிலும் ஹைட்ரஜன் வரும், திறந்தவெளியில் செய்யுங்கள். ஸ்பிரிங்குகளையும் உறுதிமிக்க போல்ட்டுகளையும் இதில் போடாதீர்கள், ஹைட்ரஜன் உள்ளே இறங்கி நொறுங்கும் தன்மை வந்துவிடும். வெளியே எடுத்த இரும்பு சில நிமிடங்களிலேயே மறுபடி செம்மை பூக்கும். துடைத்ததும் எண்ணெய் தடவிவிடுங்கள்.

ஆறுசிலிண்டர் (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

அனைவருக்கும் நன்றி. கவர் மீண்டுவிட்டது. 240 தாளில் மட்டும் இரண்டு மாலைகள் போயின. 600 முடிந்தபோது ஜன்னலின் சட்டம் மங்கலாகத் தெரிந்தது. பஃபிங் முடிந்ததும் ஜன்னலுக்கு வெளியே அசையும் இலைகள் தெரிந்தன. ஒரு மூலையில் மூன்று சிறு குழிகள் மட்டும் இருக்கின்றன. அவற்றை அப்படியே விட்டுவிட்டேன்.

தாங்கி ஐயா, ஹெட்டின் அடைப்பான்கள் எல்லாவற்றையும் கழற்றினேன். நான் பிளாஸ்டிங் எதுவும் செய்யவில்லை, ஆனாலும் ஒன்றின் பின்னால் கரும்பசை அரைக் கரண்டி இருந்தது.

கடைசியாக ஒன்று: பளபளப்பு நிலைக்க, கவர்மேல் தெளிவான லாக்கர் அடிக்கலாமா?

பதில்: பழைய அரம்

வேண்டாம். எஞ்சின் சூட்டில் லாக்கர் மஞ்சளித்து, நட்டுகளின் ஓரத்தில் உரியத் தொடங்கும். பிறகு அதை நீக்குவதே தனி வேலை. மெழுகு பாலிஷ் ஒரு கை தடவி, சில மாதங்களுக்கு ஒருமுறை துணியால் தேய்த்துக்கொடுங்கள். பூட்டும்போது நட்டுகளுக்கு அடியில் புதிய செப்பு வாஷர்கள் போட மறக்காதீர்கள்.