'ரிசார்ப்ஷன்' என்பதற்கு 'எலும்புக் கரைப்பு': ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க மருத்துவர் புல்லர் ஆல்பிரைட்டின் எலும்பு ஆய்வு பற்றிய கட்டுரைக்கான சொற்பட்டியலில் 'ரிசார்ப்ஷன்' என்பதற்கு 'மீளுறிஞ்சல்' என இட்டிருப்பதை மாற்ற வேண்டும் என்று கருதுகிறேன். 'ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் எலும்பின் மீளுறிஞ்சல் கூடுகிறது' என்ற வரியை மருத்துவம் படிக்காத ஒருவரிடம் கொடுத்தால், எலும்பு எதையோ திரும்ப உறிஞ்சிக்கொண்டு வலுப்பெறுகிறது என்றே அவர் பொருள்கொள்வார். நடப்பதோ அதற்கு நேர்மாறு: அந்தப் பெண்பால் ஹார்மோன் குறைந்ததும் எலும்பு கூடுதலாகக் கரைத்து அகற்றப்படுகிறது. போதாக்குறைக்கு, குடல் கால்சியத்தை உறிஞ்சுவதும் சிறுநீரகம் அதை மீளுறிஞ்சுவதும் அதே கட்டுரையில் வருகின்றன. சிறுநீரகத்துக்கு அச்சொல் மிகப் பொருத்தமானது, அங்கேயே இருக்கட்டும்.

நண்பர் ஒருவர் முன்வைத்த 'சிதைவு' எனக்கு உடன்பாடில்லை. சிதைவு தானாக நேர்வது, நோயையும் குறிப்பது. இங்கே பேசப்படுவதோ நலமாக இருப்பவர் எலும்பிலும் அன்றாடம் நடக்கும் வேலை. ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் பெரிய செல் எலும்பின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, தனக்கும் எலும்புக்கும் இடையிலான இடத்தைச் சுற்றிலும் அடைத்துவிட்டு, அதனுள் அமிலத்தைச் சுரந்து தாதுப்பொருளைக் கரைக்கிறது. எஞ்சும் கொலாஜன் என்னும் புரத நாரை நொதிகள் வெட்டுகின்றன. அந்த இடத்தில் ஒரு சிறு குழி விழுகிறது, கரைந்த கால்சியம் இரத்தத்தில் சேர்கிறது. செய்பவர் யார் என்பதைக் காட்டும் பிறவினைச் சொல்லே இதற்குத் தகும். ஆகவே 'கரைவு' என்றும் சொல்லாமல் 'கரைப்பு' என்கிறேன். கொலாஜன் வெட்டுப்படுகிறதே தவிரக் கரையவில்லை என்று வேதியியலார் மறுக்கலாம். ஒரு கலைச்சொல்லிடம் அவ்வளவு கண்டிப்பை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இந்தச் சொல்லில் இத்தனை கவனம் ஏன் என்பதற்கு ஆல்பிரைட்டின் ஆய்வே விடை. பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய அவர், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் எலும்புப்புரையை (ஆஸ்டியோபோரோசிஸ்) தனி நோய்நிலையாக 1941இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் விளக்கினார். கால்சியம் படியாமல் எலும்பு மென்மையாகும் நோயிலிருந்து அவர் இதைப் பிரித்துக் காட்டினார். எலும்புப்புரையில் தாதுப்படிவில் குறையில்லை, எலும்பே அளவில் குறைகிறது என்பது அவர் கருத்து. முட்டையிடும் பருவத்தில் பெண் புறாவின் எலும்புக்குள் முட்டை ஓட்டுக்கான கால்சியம் புதிய எலும்பாகச் சேர்வதும், அதை ஈஸ்ட்ரோஜன் தூண்டுவதும் அக்காலத்தில் தெரியவந்திருந்தன. அதையொட்டி, ஈஸ்ட்ரோஜன் எலும்பாக்கச் செல்களைத் தூண்டுகிறது என்றும், அது அற்றுப்போனால் ஆக்கம் குன்றுகிறது என்றும் அவர் முடிவுசெய்தார். ஈஸ்ட்ரோஜனுக்கும் எலும்புப்புரைக்கும் உள்ள தொடர்பு நிலைத்தது, விளக்கம் நிலைக்கவில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் முதலில் கட்டவிழ்வது கரைப்புதான் என்றும், ஆக்கமும் கூடவே உயர்ந்தாலும் அதற்கு ஈடுகொடுக்க முடிவதில்லை என்றும் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. சில வாரங்களில் தோண்டப்படும் குழியை நிரப்பப் பல மாதங்கள் ஆகின்றன. 'கரைப்பு', 'ஆக்கம்', இரண்டின் வேறுபாடாகிய 'இழப்பு' ஆகிய மூன்றும் தனித்தனிச் சொற்களாக நிற்காவிட்டால், ஆல்பிரைட் எங்கே சரி, எங்கே தவறினார் என்பதைத் தமிழில் எழுதவே முடியாது.

இதே காரணத்தால் 'தேய்மானம்' என்பதைப் பட்டியலிலிருந்து அடியோடு நீக்கலாம். முழங்கால் மூட்டின் குருத்தெலும்பு தேய்வதற்கும் மக்கள் அதையே சொல்கிறார்கள். எண்ணெய் விளம்பரங்கள் மீதிக் குழப்பத்தைப் பார்த்துக்கொள்கின்றன.

கிளைச்சொற்கள் 'கரைப்புச் செல்', 'கரைப்புக் குழி', 'கரைப்புக் குறியீடு' என எளிதாக அமைகின்றன. எலும்புப்புரைக்குத் தரப்படும் பிஸ்பாஸ்போனேட்டுகளையும் டெனோசுமாப்பையும் 'கரைப்புத் தடுப்பு மருந்துகள்' எனலாம். 'தடுப்பு' விடுபட்டால் சிறுநீரகக் கல் கரைக்கும் மருந்துபோல ஒலிக்கும் என்பதால் அதை எங்கும் சுருக்கக் கூடாது.

'ரீமாடலிங்' என்பதற்குப் பட்டியலில் உள்ள 'மறுவடிவாக்கம்' குறித்தும் ஐயம் உண்டு. வளரும் பருவத்தில் எலும்பின் வடிவம் மாறுவது வேறு நிகழ்வு. இங்கே பழைய எலும்பு போன இடத்தில் புதியது வருகிறது, அவ்வளவே. 'எலும்புப் புதுப்பிப்பு' என்று மாற்றலாமா என்பதற்கு, குறிப்பாக உடலியங்கியல் கற்பிக்கும் நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.