பழைய கணினியில் நாகஸ்வரப் பதிவு: வழிகாட்டுதல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊரில், 72 வயதாகும் என் தந்தையாரின் நாகஸ்வர வாசிப்பை, அவருக்கு மூச்சு வலு உள்ளபோதே வீட்டில் பதிவு செய்து வைக்க விரும்புகிறேன்.

கணினி 2011-இல் வாங்கியது. 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7. சென்ற மாதம் வாங்கிய, மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுவரும் கருவியான ஆடியோ இன்டர்ஃபேஸின் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) விண்டோஸ் 10-ஐக் கேட்டதால், நண்பர் ஒருவரின் யோசனைப்படி லினக்ஸ் நிறுவினேன். கருவியை அது உடனே ஏற்றுக்கொண்டது. ஆனால் 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை (ஒலியைச் சிறு தொகுதிகளாகத் தேக்கி அனுப்பும் இடைநினைவகத்தை) 256 சாம்பிளாக வைத்தால், தோடி ராக ஆலாபனையின் நடுவே கடுகு பொரிவது போன்ற சத்தம் விழுகிறது. அப்படி ஓர் அரிய ராகப் பிடி வீணானபோது, அப்பா நாகஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியை மெல்லக் கழற்றித் துடைத்து வைத்துவிட்டு எழுந்து போனதை என்னால் மறக்க முடியவில்லை.

1024-ஆக உயர்த்தினால் சத்தம் நின்றுவிடுகிறது. ஆயினும் அந்த பஃபரால் மட்டுமே ஏறத்தாழ 21 மில்லிநொடி தாமதம் ஏற்படுவதால், பதிந்த நாகஸ்வரத்துக்குப் பின்னர் தனியாகத் தவில் வாசித்துச் சேர்க்கும் சித்தப்பா, ஹெட்போனில் தம் தவிலொலி பின்தங்கிக் கேட்டுக் காலப்பிரமாணம் நழுவுகிறது என்கிறார்.

கணினி வழியாக அல்லாமல் இன்டர்ஃபேஸிலிருந்தே நேரடியாகக் கேட்கும் முறையில் இது தீருமா? பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி பொருத்தினால் பொரியல் சத்தம் குறையுமா, அல்லது செயலியே போதவில்லையா? புதுக் கணினி வாங்க இப்போது வசதியில்லை. இதே நிலையில் பதிவு செய்தவர்கள் தங்கள் அமைப்புகளைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.