ரெண்டு ஸ்பூன் மீன் குழம்பு, ஒரே ஒரு இட்லி: மைக்ரோவேவில் எப்படி?

மஞ்சக்குப்பம்வாசி:
ஒருவர் சாப்பிடும் அளவுதான். 2 டேபிள்ஸ்பூன் மீன் குழம்பு, 1 இட்லி, சில நேரம் பாயசத்துக்கு 10 முந்திரி. 700 வாட் சாதா மைக்ரோவேவ். 30 செகண்ட் வைத்தால் ஓரம் தீய்கிறது, நடுவில் ஜில்லென்று இருக்கிறது. இவ்வளவு கொஞ்சமாக வைத்தால் மெஷினுக்குக் கெடுதலா?

முத்தியால்பேட்டை:
அடிக்கடி செய்தால் கெடுதல்தான். உள்ளே வரும் அலையை உறிஞ்சப் போதுமான பொருள் இல்லையென்றால், மிச்சம் சுவர்களில் மோதித் திரும்பி மேக்னட்ரானுக்கே (அலையை உண்டாக்கும் பாகம்) போய் அதைச் சூடாக்கும். காலி மைக்ரோவேவை ஓட்டக் கூடாது என்பதும் இதனால்தான்.

குழம்போடு ஒரு பீங்கான் கப்பில் 150 மில்லி தண்ணீர் வையுங்கள், அதில் ஒரு மரக்குச்சி போட்டு. வழுவழுப்பான கப்பில் தண்ணீர் கொதிக்காமலே 100 டிகிரியைத் தாண்டி, தொட்டவுடன் பொங்கி அடிக்கலாம். குச்சி அதைத் தடுக்கும். பெரும்பகுதிச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்வதால் நேரம் கூடும்: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த 30 கிராம் குழம்புக்கு 50–60 செகண்ட். பாதியில் நிறுத்திக் கிளறுங்கள். குட்டிக் கண்ணாடிக் கிண்ணம் போதும், அகலத் தட்டில் பரப்பினால் ஓரம் காயும். சுழலும் தட்டின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் வையுங்கள். மூடி போட்டுச் சற்றே திறந்தாற்போல் வைக்கவும், இல்லாவிட்டால் மீன் துண்டு வெடித்துத் தெறிக்கும். தெறித்தது மைகா தகட்டில் (உள்சுவரில் அலை வரும் வழியை மூடியிருப்பது) ஒட்டினால் அந்த இடம் கருகிப் பொறி வரும்.

லாஸ்பேட்டை:
பவரைக் குறைத்து 20 செகண்ட் வைப்பதில் பிரயோஜனம் இல்லை. சாதா மாடலில் 30% என்றால் சிம்மில் எரிவது மாதிரி அல்ல. முழு பவரில் சில செகண்ட் ஓடி, நிறைய நேரம் சும்மா இருக்கும். அந்த 20 செகண்டில் எது மாட்டும் என்று சொல்ல முடியாது. (இன்வெர்ட்டர் மாடலில் நிஜமாகவே குறையும்.) தண்ணீர் கப்போடு முழு பவர், 15 செகண்ட் 15 செகண்டாக.

இட்லிக்குத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணி போர்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் ஓரம் ரப்பராகிவிடும்.

மஞ்சக்குப்பம்வாசி:
முந்திரிக்கும் தண்ணீர் கப் வைக்கலாமா?

பண்ருட்டிக்காரர்:
வைத்தால் வறுபடாது, சூடு முழுக்கத் தண்ணீருக்கே போய்விடும். முந்திரியில் ஈரம் மிகக் குறைவு. முதலில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும், பிறகு திடீரென உள்ளே கருகும். 10 முந்திரிக்குத் தாளிப்புக் கரண்டிதான் சரி. மைக்ரோவேவ்தான் என்றால் 50 கிராமாவது போட்டு, அரை ஸ்பூன் நெய்யில் பிசறி, 30 செகண்டுக்கு ஒருமுறை கிளறி, லேசாக நிறம் மாறும்போதே எடுத்துவிடுங்கள், வெளியே வந்தும் சிவக்கும். நெய்யைத் தனியாக வைக்காதீர்கள். உருக்க வேண்டுமென்றால் அந்தச் சூடான தண்ணீர் கப்பில் நெய்க் கிண்ணத்தை இறக்கினாலே போதும்.

முத்தியால்பேட்டை:
மீன் குழம்பு பற்றி இன்னொன்று. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி வெளியே கிடந்தால் ஹிஸ்டமின் (அலர்ஜி மாதிரி உடம்பைப் படுத்தும் பொருள்) சேரும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சமைத்து 2 மணி நேரத்துக்குள், நம் ஊர் வெயில் காலத்தில் 1 மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜில் வைத்தாக வேண்டும். மறுபடி சூடாக்கும்போது நடுவில் 74 டிகிரி வர வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் கிளறிய பிறகும் முழுக்க ஆவி பறக்கிறதா பாருங்கள். ஓரத்தில் மட்டும் குமிழி வந்தால் இன்னும் 15 செகண்ட்.